கழுவிவிட்டு வந்தவர்கள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களோடு பேச வேண்டும் என்று என்னைக் கேட்டபோது முதலில் முடியாது என்றேன். பிறகு சரி என்றேன். சரி என்ற பிறகும் வீட்டுக்குப் போய் யோசித்தேன். நான் அப்படிப்பட்ட ஆள். கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் முறையை உங்கள் புத்தகங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லும். நாங்கள் மரக்குச்சியால் வழித்தெடுத்ததை நீங்கள் மெல்லிய தூரிகையால் எடுக்கிறீர்கள். நாங்கள் கண்ணாடித் துண்டில் பூசியதை நீங்கள் குப்பியில் போடுகிறீர்கள். அதிலெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு பெண்ணிடம் "உனக்கு ஒன்றுமில்லை, போய் வா" என்று சொல்வதற்கு முன்னால் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அதற்காக மட்டும், அன்னத்தாய் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிவகாசிக்கு வெளியே ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். என் மகளுக்கு அப்போது பல் முளைக்கிற பருவம். துணிகள் வைக்கும் அறையில் தூளி கட்டி அவளைப் போட்டுவிட்டு வேலை பார்ப்பேன். அவள் அழுதால் பயம், அழாவிட்டால் அதைவிடப் பயம். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் என் காது அந்த அறையில்தான் இருக்கும்.

எங்கள் டாக்டரம்மா சென்னையில் மேற்படிப்பு முடித்து, ஒரு மைக்ரோஸ்கோப்போடும் ஒரு கேள்வியோடும் ஊருக்கு வந்தவர். அந்தக் காலத்தில் இந்த நோயோடு வருகிற பெண்கள், புண்ணின் வாடை தாங்காமல் வீட்டில் தனியாகப் படுக்கவைக்கப்பட்ட பிறகுதான் வருவார்கள். அவர்களை மதுரைக்கு அனுப்புவோம். பாதிப் பேர் போகமாட்டார்கள். போனவர்களுக்கும் அங்கே செய்யக்கூடியது அதிகமில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, நம் ஊர்ப் பெண்களிடம் இந்த நோயைப் பிடித்துவிட முடியுமா? இதுதான் அவர் கேள்வி. கீழே தீராத அரிப்பு, வெள்ளைத் திட்டு, நாட்பட்ட புண் என்று வருகிறவர்களையும் அவர் இதே ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். பெண்கள் வெட்கப்பட்டு மறைக்கிற இடத்தில் நோய் வசதியாகக் குடியிருக்கிறது என்பார்.

என் வேலை பெண்களிடம் பேசுவது, விளக்கைப் பிடிப்பது, ஸ்லைடை ஈதரும் ஸ்பிரிட்டும் கலந்த ஜாடியில் போட்டு மூடுவது. மூடிவிட்டு நாலடி போவேன். சரியாக மூடினோமா என்று திரும்பி வருவேன்.

"மூடின மூடியத் தொறந்து பாத்து மறுபடி மூடுற ஒரே ஆளு இந்த ஆஸ்பத்திரியில நீதான்" என்பார் டாக்டரம்மா. "ஒனக்காகவே பூட்டு வச்ச ஜாடி செய்யச் சொல்லணும்."

அன்னத்தாய்க்கு ஊர் ஆனைக்குட்டம். பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. மூன்று பிள்ளைகளின் தாய். அன்று அவள் கோயிலுக்கு வருவதுபோல வந்திருந்தாள். எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை, வெளுத்த சேலை, பக்கத்தில் போனாலே மஞ்சள் வாசம். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"வீட்டுக்காரரோட இருந்த மறுநா கொஞ்சம் ரத்தம் படுது நர்ஸம்மா. எனக்கொண்ணும் வலியில்ல. அந்த மனுசன்தான் பயந்துட்டாரு. வெடிச் சத்தத்துக்கே அசராத ஆளு, என் சேலையப் பாத்து நடுங்குறாரு."

டாக்டரம்மா சோதித்தார். லேசான சிவப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. வழித்தெடுத்து ஸ்லைடில் பூசினார். சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, அடுத்த தடவை அவள் வந்தபோது, "கெட்டது எதுவும் தெரியலை அன்னத்தாய்" என்றார். புண் ஆற மருந்தும் கொடுத்தார். கெட்டது தெரியவில்லை என்று டாக்டரம்மா சொன்னதை ஒன்றுமில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

"அப்ப நான் போயி சக்கரத்தச் சுத்தவிடுதேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

எனக்கு அந்த ரத்தம் எங்கிருந்து வந்தது என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். "புண்ணு இருந்தாலும் வரும், சதை வளந்திருந்தாலும் வரும். எல்லாமே அதுவா இருக்கணுமா?" என்றார். நியாயம்தான். மகளுக்குப் பல் முளைக்கும்போது வந்த காய்ச்சலை மூளைக் காய்ச்சல் என்று நினைத்து ஓடி வந்தவள் நான். என் சந்தேகத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில் என்ன மதிப்பு இருக்கும்? வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் டாக்டரம்மாவுக்கு நோயில்லாத பெண்களின் ஸ்லைடுகளும் தேவைப்பட்டன. நல்லது எப்படியிருக்கும் என்று கண்ணுக்குப் பழகினால்தானே கெட்டதை அடையாளம் காணலாம்? ஆஸ்பத்திரியில் கல்யாணமான பெண்களெல்லாம் தாங்களாக முன்வந்தால் நல்லது என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். கடைசியில், கடமை என்று ஒன்று இருக்கிறதே என்று நான் கையைத் தூக்கினேன்.

தினமும் கூட வேலை செய்கிறவர் முன்னால் அப்படிப் படுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது படுத்துப் பார்த்தால்தான் தெரியும். அன்று காலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்தேன். நன்றாகக் குளித்தேன். பிள்ளை பெற்றபோது வீட்டில் செய்துவிட்டதுபோல, படிகாரம் கரைத்த வெந்நீரால் உள்ளே வரைக்கும் கழுவினேன். டாக்டரம்மாவுக்கு நான் காட்டுகிற மரியாதை அது என்றுதான் நினைத்தேன். அதைப் பற்றி இரண்டாவது தடவை யோசிக்கக்கூட இல்லை. எதற்கெடுத்தாலும் இரண்டு தடவை யோசிக்கிற நான்!

மறுநாள் டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார்.

"இங்கன வா. ஒன் செல்லையெல்லாம் எங்கே ஒளிச்சு வச்சிருக்க?"

குனிந்து பார்த்தேன். தண்ணீர் வற்றிய கண்மாயில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொக்கு நிற்பதுபோல நாலைந்து செல்கள். மற்றதெல்லாம் வெறும் கண்ணாடி.

"எனக்கு ஏதாவது நோயா டாக்டரம்மா?" பிள்ளையின் முகம் கண் முன்னால் வந்துவிட்டது.

"நோயிருந்தா அதுவாவது தெரியுமே. இங்க ஒண்ணுமே இல்ல. நேத்து வர்றதுக்கு முன்னாடி என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலையே. குளிச்சேன். கழுவினேன்."

"எப்படிக் கழுவின?"

சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் தேடுற செல்லையெல்லாம் தண்ணியோட கழுவி விட்டுட்டு வந்திருக்க" என்றார். பிறகு, அறை வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஆயாவிடம் கேட்டார்: "ஆயா, நம்மகிட்ட சோதனைக்கு வர்ற பொம்பளைக எல்லாரும் கழுவிட்டுத்தான் வர்றாங்களா?"

"பின்னே? கழுவாம வருவாகளா?" ஆயாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கஞ்சிக்கு இல்லாட்டியும் மானத்துக்குக் குறைச்சல் இல்ல டாக்டரம்மா எங்களுக்கு."

டாக்டரம்மா எழுந்து போய் அன்னத்தாயின் ஸ்லைடை எடுத்துவந்து மறுபடி பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். என்னுடையதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். அதில் கெட்டது தெரியவில்லை என்பது உண்மை. கெட்டதோ நல்லதோ, தெரிவதற்கு அதில் எதுவும் இல்லை என்பதும் உண்மை.

"நான் அவளுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லல" என்றார் தனக்குள் பேசுவதுபோல. பிறகு, "சொன்ன மாதிரிதான்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கஷ்டம். அதுவரை ஸ்லைடு எடுத்த பெண்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியை நடத்திவந்த பெரிய டாக்டர் நல்ல மனிதர். அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது.

"போய்ட்டு வான்னு அனுப்பினவங்களை மறுபடி கூப்பிட்டா, இந்த ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஊர் பேசும்மா. அப்புறம் பிரசவத்துக்குக்கூட வரமாட்டாங்க. அதுல எத்தனை தாயும் பிள்ளையும் போகும், யோசிச்சீங்களா?"

டாக்டரம்மா யோசிக்கிறார் என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கோ இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது.

"பேசட்டும் சார்" என்றார் கடைசியில். "பாக்காததைப் பாத்த மாதிரி சொல்லி ஒருத்தி செத்துப் போனா, ஊர் பேசாது. நமக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

முதலில் கூப்பிட வேண்டியது அன்னத்தாயைத்தான் என்று முடிவாயிற்று. ரத்தம் பட்டவள் அவள். ஆள் விட்டுச் சொன்னால் வரமாட்டாள், நீ போ என்று என்னை அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆனைக்குட்டத்துக்குப் போனேன். ஆடி மாதக் காற்று புழுதியை வாரி அடித்தது. அன்னத்தாய் ஆற்றுக்குள் இருந்தாள். ஆற்றில் தண்ணீர் ஏது? மணலில் ஊற்றுத் தோண்டி, அடியில் கசிகிறதைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க நர்ஸம்மா. இதென்ன, பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு இந்தக் காத்துல! தொப்பி போட்டுக் கூட்டியாரக் கூடாதா?"

வழி நெடுக அதை நினைத்துத்தான் என்னை நானே திட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவளும் அதையே சொன்னதும் வந்த விஷயம் பாதி மறந்துவிட்டது. தட்டுத்தடுமாறி, மறுபடி சோதிக்க வேண்டும் என்றேன்.

"ஒண்ணுமில்லைன்னு சொன்னாகள்ல?"

"அன்னிக்கு எடுத்ததுல பாக்க ஒண்ணும் கிடைக்கலை அக்கா. அதான் திரும்பவும் எடுக்கணும். ஆனா இந்தத் தடவை…" எனக்கு வாய் வரவில்லை. நர்ஸ் படிப்பில் உடம்பின் எல்லாப் பாகத்துக்கும் பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். ஆற்று மணலில் உட்கார்ந்து அதை ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. "இந்தத் தடவை கழுவாம வரணும். முதநாளும் கழுவக்கூடாது."

சிரட்டை அவள் கையில் அப்படியே நின்றது.

"கழுவாமயா? டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா? ஏந்தாயி, இதக் கேக்க ஒனக்கே வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தெரியாமல் நடந்ததையே சொல்லிவிட்டேன். நானும் போய்ப் படுத்தது, படிகாரத் தண்ணீரால் கழுவிவிட்டுப் போனது, என் ஸ்லைடு வெறும் கண்ணாடியாக இருந்தது, என் செல்லையெல்லாம் எங்கே ஒளித்துவைத்தாய் என்று டாக்டரம்மா கேட்டது, எல்லாம்.

அன்னத்தாய் சிரித்த சிரிப்பில் என் மகள் பயந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"படிச்ச நர்ஸம்மாவுமா! யாத்தே, நீங்களும் எங்களாட்டந்தானா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குடத்தைப் பார்த்தாள். "அன்னைக்குப் புள்ளைக குடிக்க வச்சிருந்த தண்ணிய எடுத்துல்லா கழுவிட்டு வந்தேன். டாக்டரம்மா கிட்டப் போறமேன்னு. அம்புட்டும் வீணா?"

ஒரு குடம் ஊறுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதை நேரில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தீபாவளி சீசன், கம்பெனியில் லீவு கேட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள் என்றாள். நான் சரியாகத்தான் சொன்னேனா, ரொம்பச் சொல்லிவிட்டேனா, ரத்தத்தைப் பற்றிப் பயமுறுத்தியிருக்க வேண்டுமோ என்று திரும்பி வருகிற வழியெல்லாம் குடைந்துகொண்டே வந்தேன்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால், கேட்டுக்கு வெளியே அன்னத்தாய். கம்பெனி விட்டு நேராக வந்திருக்கிறாள். கை, கழுத்து, சேலை எல்லாம் அலுமினியப் பொடி ஒட்டி வெயிலில் மினுமினுக்கிறது. உள்ளே வரவில்லை. காத்திருந்த பெண்களில் ஒருத்தி, "ஏத்தா, ஆஸ்பத்திரிக்கு இப்படியா வருவாக? குளிச்சிட்டு வரக்கூடாதா?" என்கிறாள்.

"குளிக்காம வரச் சொன்னதே இவுகதான். அவுககிட்டயே கேளு" என்று என்னைக் கை காட்டினாள் அன்னத்தாய். பிறகு என்னிடம், "அடுப்பு எரியுதா உள்ள? எரிஞ்சா வரமாட்டேன். என் மேல இருக்கது வெடிமருந்து" என்றாள்.

எனக்கு உறைத்தது அப்போதுதான். சோதனை அறையில் ஸ்டவ் எரிகிறது, கருவிகள் கொதிக்கின்றன. பக்கத்திலேயே, ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்கிற ஈதர் ஜாடி. கழுவாமல் வா என்று நான் சொன்னது அவளுக்கு ஒரு பொருளில்தான் போய்ச் சேர்ந்திருந்தது: எதையும் கழுவாமல். வீட்டுக்குள் நுழையும் முன்பே பொடியைக் கழுவிவிடுகிற பெண், நான் சொன்னதற்காக அப்படியே வந்து நிற்கிறாள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். ஸ்டவ்வை அணைக்கச் சொன்னார். ஜாடியை அடுத்த அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். பிறகு வாளியை அவரே தூக்கிக்கொண்டு வந்து, தொட்டிப் பக்கம் நின்று, அன்னத்தாயின் கையிலும் காலிலும் தண்ணீர் ஊற்றினார்.

"மேலுக்கெல்லாம் நல்லா தேச்சுக் கழுவு. வேற சேலை தர்றேன், மாத்திக்கோ. உள்ள மட்டும் வேண்டாம்."

"அரைக் குளியல்தானா?" என்றாள் அன்னத்தாய். "டாக்டரம்மா தண்ணி ஊத்தி நான் குளிக்கேன், ஊருல சொன்னா ஒருத்தி நம்பமாட்டா."

நான் ஈதர் ஜாடியின் மூடி சரியாக இருக்கிறதா என்று அடுத்த அறைக்கு மூன்று நான்கு தடவை போய்வந்தேன். டாக்டரம்மா பார்த்தார். அன்று மட்டும் கேலி செய்யவில்லை.

வழித்தெடுத்து ஸ்லைடில் பூசிய பிறகு அயோடின் தடவினார். நல்ல தோல் அந்த மருந்தைக் குடித்துப் பழுப்பாகும், நோயுள்ள இடம் குடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். நான் பிடித்த விளக்கின் வெளிச்சத்தில் எல்லாம் பழுப்பாயிற்று. ஓர் ஓரத்தில், விரல் நகம் அளவு இடம் மட்டும் வெளிறியே இருந்தது. டாக்டரம்மா அங்கிருந்து சிறு சதையைக் கிள்ளி எடுத்து மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பினார். மதுரையிலிருந்து பதில் வருவதற்கு முன்பே, சாயம் ஏற்றிய ஸ்லைடில் அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வற்றின கண்மாய் இல்லை. கூட்டம் கூட்டமாகச் செல்கள், சிலவற்றின் நடுப்பகுதி கறுத்து, பெருத்து, ஒன்றைப்போல ஒன்று இல்லாமல்.

மதுரையும் அதையே சொன்னது. நோய்தான், ஆனால் மேல்தோலைத் தாண்டவில்லை. நாங்கள் தேடிக்கொண்டிருந்த, கண்ணுக்குத் தெரியாத, பிடித்தால் தப்பித்துக்கொள்ளக்கூடிய அந்தக் கட்டம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் போதும்.

அன்னத்தாயும் அவள் புருஷனும் வந்து உட்கார்ந்தார்கள். அவர் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். அவள்தான் கேட்டாள்: "தீவாளி கழிச்சு வச்சுக்கிடலாமா? எனக்கு வலிகூட இல்லையே."

அவசரமில்லை என்று சொன்னால் போய்விடுவாள். சீசன் முடிந்ததும் வேறு ஏதாவது வரும். நாளைக்கே செத்துவிடுவாய் என்று சொன்னால் அது பொய். டாக்டரம்மா கொஞ்சம் பயமுறுத்தித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை.

"அன்னத்தாய், முதல் தடவை கெட்டது தெரியலைன்னு சொன்னேன். தப்பு. நான் எதையும் பாக்கலை, பாத்தேன்னு நினைச்சுக்கிட்டேன். இந்தத் தடவை பாத்துட்டேன். இப்ப எடுத்தா முழுசா எடுத்துடலாம். தீபாவளி வரைக்கும் அது அங்கேயே நிக்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு என்னால உறுதி கொடுக்க முடியாது."

பெரிய டாக்டரும் அங்கே இருந்தார். ஒரு டாக்டர் நோயாளியிடம் தப்பு என்று சொல்வதை அவர் ரசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தூளியில் என் மகள் சிணுங்கினாள், நான் நகரவில்லை.

அன்னத்தாய் தன் புருஷனைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"பாக்கலைன்னு சொல்ற ஆளு, பாத்தேன்னு சொன்னா நம்பலாம்" என்றாள். "இங்கனயே இருந்துக்கிடுதேன். போயி என் சேலைய எடுத்துட்டு வாங்க" என்று புருஷனை அனுப்பினாள். "பிள்ளைகளத் தண்ணிக்கு அனுப்பாதீக. நீங்க போங்க."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. எடுத்ததைச் சோதித்ததில் நோய் எல்லை தாண்டவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவளால் கம்பெனிக்குப் போக முடியவில்லை. அடுத்த தீபாவளிக்குப் போனாள்.

மற்றப் பெண்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். பெரிய டாக்டர் பயந்தபடி ஊர் கொஞ்சம் பேசத்தான் செய்தது. வராமலே இருந்துவிட்டவர்களும் உண்டு. அவர்களில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். ஆனால் பிரசவத்துக்கு வருவதை யாரும் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து அச்சங்குளம், மல்லாங்கிணறு என்று போகிற ஊரில் எல்லாம் எதைக் கழுவ வேண்டும், எதைக் கழுவக்கூடாது என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். வெட்கம் போய்விடவில்லை. வெட்கத்தோடேயே சொல்லப் பழகினேன். முதலில் என் கதையைச் சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்த பிறகு எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்வார்கள்.

நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தன் தவறை ஒரு பட்டாசுத் தொழிலாளியின் முகத்துக்கு நேராகச் சொன்ன அந்த டாக்டரம்மாவுக்கு முதலில். அவர் அப்படிச் சொன்னதால்தான், என் பயத்தையும் சந்தேகத்தையும் மறைத்துக்கொள்ளாமல் இத்தனை வருஷம் வேலை பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. பிள்ளைகளே, உங்கள் கையில் வெறும் ஸ்லைடு வரும்போது நோயில்லை என்று எழுதாதீர்கள். பார்க்கவில்லை என்று எழுதுங்கள். அந்தப் பெண் அன்று காலை வீட்டை விட்டுப் புறப்படும்போது என்ன செய்தாள் என்று கேளுங்கள். அவள் உங்களுக்குக் காட்டிய மரியாதையிலேயே பதில் இருக்கலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகும் வருஷாவருஷம் சோதனைக்கு வர வேண்டும் என்று அன்னத்தாயிடம் சொல்லியிருந்தோம். ஒரு வருஷம்கூட அவள் தவறியதில்லை. ஆஸ்பத்திரி மைதானம் முழுக்கப் பெண்கள் காத்திருப்பார்கள். அவள் கேட்டில் நுழையும்போதே, அத்தனை பேர் காதிலும் விழும்படி என்னைக் கூப்பிடுவாள்:

"நர்ஸம்மா! நான் அழுக்காத்தான் வந்திருக்கேன். சந்தோசம்தான?"